வாட்டர் ஜெட், மரத்தளம்: வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலில் இறங்கலாமா?

ஈரக்கால்:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கிடங்கில் பதினொரு வருடமாக மேற்பார்வையாளர் வேலை. போன தீபாவளிக்கு முன்னால் சிராங்கூன் கார்டனில் மச்சான் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தை தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் வாட்டர் ஜெட் மெஷினை இரவல் வாங்கிக் கழுவிக் கொடுத்தேன். பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்த சிமெண்ட் தரை நான்கு மணி நேரத்தில் வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டு அங்கிள் வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தன் வீட்டுக்கு எவ்வளவு என்று கேட்டார். வாயில் வந்தபடி 120 வெள்ளி என்றேன். பேரமே பேசாமல் சரி என்றார். குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று அப்போதே புரிந்தது.

அதிலிருந்து எட்டு சனிக்கிழமை, எட்டு வீடு. எல்லாம் வாய்வழியாக வந்தவை. இப்போது இரண்டு வீட்டில் பின்பக்க மரத்தளத்தையும் செய்யச் சொல்கிறார்கள். கழுவி, தேய்த்து, எண்ணெய் பூசிப் புதிதுபோல் ஆக்க வேண்டுமாம். வீடியோக்களில் அமெரிக்காக்காரர்கள் ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள்.

கேள்விகள்: எந்த மெஷின் வாங்கலாம்? புதுக்கோட்டையில் பெரியப்பா மகன் சும்மா இருக்கிறான், அவனைக் கூட்டிவர முடியுமா? மரத்தை இதே மெஷினில் கழுவலாம் அல்லவா?

முழுவேகம்:

வாழ்த்துகள் ப்ரோ, துணிந்து இறங்குங்கள். சின்ன மெஷின் வாங்கி நேரத்தை வீணாக்காதீர்கள். பெட்ரோல் எஞ்சின், 250 பார் அழுத்தம், நிமிடத்துக்கு 15 லிட்டர். அது இருந்தால் பாசி, கறை, பழைய பெயிண்ட் எல்லாம் ஓடிவிடும். மரமும் அப்படித்தான். கொஞ்சம் குளோரின் தெளித்துவிட்டு அடித்தால் வெள்ளையாக வரும். நான் ஜொகூரில் மூன்று வருடம் செய்தேன்.

பழைய தச்சன்:

ஈரக்கால் தம்பி, மேலே சொன்னபடி மரத்தில் அடித்தால் உங்கள் முதல் மரத்தளமே கடைசி மரத்தளமாகிவிடும்.

இருபத்திரண்டு வருடமாக மரத்தளம் போடுவதும் பழுது பார்ப்பதும்தான் எனக்குப் பிழைப்பு. 250 பாரில் மரத்தை அடித்தால் அழுக்கோடு சேர்ந்து மரத்தின் மென்மையான சதையும் போய்விடும், கெட்டியான நரம்பு மட்டும் மேடாக நிற்கும். ஈரத்தில் பார்க்கும்போது அழகாக இருக்கும். காய்ந்தபின் கம்பளி மாதிரி நார் எழும்பும். கைவைத்தால் சிலாம்பு ஏறும்.

தண்ணீர் பீய்ச்சும் முனையான நாசிலின் நிறம் தெரியும் அல்லவா? தண்ணீர் விரியும் கோணம் சிவப்பில் 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புக்கு. சிவப்பை இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுங்கள். மரத்துக்கு வெள்ளை மட்டும்தான், ஒரு அடி தள்ளி, நார் ஓடும் திசையில், ஒரே சீராக. அழுத்தம் 40 முதல் 70 பார் போதும். நடுப்பலகையில் விசையை அழுத்தித் தொடங்காதீர்கள், வட்டமாகத் தழும்பு விழும். காற்றில் தொடங்கி மரத்தின் மேல் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. அந்தத் தண்ணீர் விரலில் பட்டுத் தோலுக்குள் போனால், வெளியே ஊசிமுனை அளவு காயம்தான் தெரியும். பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. உள்ளே என்ன கிழிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. ரப்பர் செருப்போடு வேலை செய்யும் தம்பிகளைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

கொண்டோ ஆபீஸ்:

நான் ஒரு கொண்டோ, அதாவது தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாக அலுவலகத்தில் இருக்கிறேன். பெட்ரோல் மெஷினோடு வந்தால் எங்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். சத்தம், புகை, எண்ணெய் ஒழுகல். எங்கள் இடத்தில் வார நாளில் 9 முதல் 5, சனிக்கிழமை மதியம் 1 வரை, ஞாயிறு கிடையாது. பொதுப் பொறுப்புக் காப்புறுதிப் பத்திரம் இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை, முன்பணமும் கட்ட வேண்டும். மற்ற கொண்டோக்களிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

மெஷின் பற்றி ஒரு சின்னக் கணக்கு. நம் வீட்டுச் சுவரில் இருப்பது 13 ஆம்ப் பிளக். 230 வோல்ட் என்றால் மொத்தமே 3 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. மோட்டாரிலும் பம்பிலும் போகும் இழப்பைக் கழித்தால் தண்ணீருக்குக் கிடைப்பது சுமார் 2.25 கிலோவாட். பாரை நிமிடத்துக்கான லிட்டரால் பெருக்கி 600 ஆல் வகுத்தால் கிலோவாட் வரும். அதாவது 150 பார், 9 லிட்டர். சாதாரண பிளக்கில் அதற்கு மேல் தருகிறேன் என்று ஒரு பெட்டியில் அச்சடித்திருந்தால் அந்தப் பெட்டியை நம்பாதீர்கள். தரைக்கு அழுத்தத்தைவிடத் தண்ணீரின் அளவுதான் முக்கியம், வட்டமாகச் சுழலும் தட்டு ஒன்று மாட்டினால் கோடு கோடாக வராது.

பால்கனி மரத்தளத்துக்கு வாட்டர் ஜெட் வேண்டவே வேண்டாம். பன்னிரண்டாம் மாடியில் அடித்தால் பதினொன்றாம் மாடித் துணியில் விழும். புகார் எனக்குத்தான் வரும். வாளி, பிரஷ், தண்ணீர் உறிஞ்சும் வேக்குவம், அவ்வளவுதான்.

கணக்கு அக்கா:

பெரியப்பா மகன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் நம் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள்.

கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் இந்தியாவிலிருந்து வேலை அனுமதிச்சீட்டில் ஆள் எடுக்கலாம். சேவைத் துறையில் அப்படி இல்லை. மனிதவள அமைச்சு தனியாகப் பட்டியலிட்ட சில வேலைகளுக்கு மட்டும்தான் இந்தியர்களை எடுக்க முடியும். துப்புரவு வேலைக்கு ஊரிலிருந்து தம்பியைக் கூட்டிவரலாம் என்று யாராவது ஏஜென்ட் சொன்னால், அவரிடம் ஒரு காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது, ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் பார்க்கும் தம்பி. "அண்ணே, லீவுதான், நானும் வரேன், கையில ஐம்பது குடுங்க" என்பான். வேறு முதலாளியின் அனுமதிச்சீட்டில் இருப்பவனை உங்கள் வேலைக்கு வைத்தால் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அவனையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். வட்டிக்குக் கடன் வாங்கி வந்த பிள்ளை. உங்கள் ஐம்பது வெள்ளிக்கு அவன் குடும்பமே சாயும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

மற்றவை சுருக்கமாக. தொழில்களைப் பதிவு செய்யும் அக்ரா (ACRA) ஆணையத்தில் பதிவு செய்யுங்கள். துப்புரவு நிறுவனங்களுக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் 2014 முதல் கட்டாயம், 2024 முதல் அதில் மூன்று வகுப்புகள். நீங்கள் செய்யப்போகும் வேலை அதில் எந்த இடத்தில் வருகிறது என்று வாரியத்திடமே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 1 மில்லியன் வெள்ளியைத் தாண்டும்வரை பொருள் சேவை வரிக்குப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை, அந்தக் கவலையை இப்போது விடுங்கள். முதலில் உங்கள் துவாஸ் நியமனக் கடிதத்தை எடுத்து, வெளி வேலை செய்யலாமா என்று படித்துப் பாருங்கள். அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

தரைவீட்டு அம்மா:

நான் தொழில்காரி இல்லை, காசு கொடுத்து ஏமாந்தவள். சொல்லலாமா?

எங்கள் வீட்டுப் பின்பக்கம் என் வீட்டுக்காரர் இருந்தபோது போட்ட மரத்தளம். சாம்பல் நிறமாகிவிட்டது என்று போன வருடம் ஒரு கம்பெனியைக் கூப்பிட்டேன். இரண்டு பேர் வந்தார்கள், காலையில் அடித்தார்கள், மதியம் வெயிலடித்தது, மூன்று மணிக்கு எண்ணெய் பூசினார்கள், ஐந்து மணிக்குக் காசு வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று இரவு பார்க்க அவ்வளவு அழகு. ஆறு வாரத்தில் எண்ணெய் திட்டுத் திட்டாகக் கறுத்தது, சில இடத்தில் பிசுபிசு என்று ஒட்டியது. பேரன் வெறுங்காலோடு ஓடி, உள்ளங்காலில் சிலாம்பு. கூப்பிட்டால் "மழைக்கு நாங்கள் பொறுப்பில்லை ஆண்ட்டி" என்கிறார்கள். மழை இந்த ஊருக்குப் புதுசா?

கணக்கு அக்கா:

அம்மா, சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள். வழக்கறிஞர் தேவையில்லை. படங்களும் ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் பத்திரமாக இருக்கட்டும்.

பழைய தச்சன்:

அம்மா சொன்னதில் ஒரு வரிதான் முக்கியம்: காலையில் அடித்து மூன்று மணிக்கு எண்ணெய். மெஷின் எது என்று எல்லோரும் பேசுகிறோம், காய்வதைப் பற்றி யாரும் பேசவில்லை. தண்ணீர் அடிப்பது அரை நாள் வேலை. மிச்சமெல்லாம் காத்திருப்பது. இந்தத் தொழிலே அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது.

மரம் ஏன் சாம்பலாகிறது? வெயிலின் புற ஊதாக் கதிர் மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பசையை உடைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மேலே வெறும் நார் மிஞ்சுகிறது. அந்தச் செத்த தோல் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதை எடுக்கத் துப்பாக்கி எதற்கு?

நான் செய்வது: முதலில் மரத்தை நன்றாக நனைப்பேன். சோடியம் பெர்கார்பனேட் தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றுவேன். தண்ணீரில் பட்டதும் அது ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவைச் சோடாவுமாகப் பிரியும், நுரைத்துக்கொண்டு அழுக்கைத் தூக்கும். கால் மணி நேரம், காயவிடாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே. நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, குறைந்த அழுத்தத்தில் அலசுவேன். அப்போது மரம் காப்பிக் கொட்டை மாதிரி கறுத்திருக்கும், பயப்பட வேண்டாம், சோடா காரத்தின் வேலை அது. அடுத்து ஆக்ஸாலிக் அமிலக் கரைசல். கண்ணெதிரே நிறம் திரும்பும். வாடிக்கையாளரைப் பக்கத்தில் நிற்கவைத்து நான் காட்டும் ஒரே வித்தை இதுதான்.

முழுவேகம் சொன்ன குளோரின் சிமெண்டுக்கும் சுவருக்கும் சரி. மரத்துக்கு அது லிக்னினையே தின்னும், வெயில் பத்து வருடத்தில் செய்ததை ஒரு மதியத்தில் செய்யும். குளோரினும் அமிலமும் ஒரே வாளியில் சேரவே கூடாது. ஒரே நாளில், ஒரே வாய்க்கால் பக்கம்கூட வேண்டாம். வரும் வாயு ஆளைக் கொல்லும்.

வாய்க்கால் என்றதும் ஞாபகம். இந்த ஊர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. வீட்டு ஓர மழைநீர் வடிகாலில் விடுவது நீர்த்தேக்கத்துக்குப் போய் நம் குழாயிலேயே திரும்பி வரும். மருந்து கலந்த தண்ணீரை மண்மூட்டை வைத்து மறித்து, உறிஞ்சி, கழிவுநீர்க் குழாயில்தான் ஊற்ற வேண்டும். வேலை முடிந்து வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாருங்கள். தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு கண்டால் வீட்டுக்காரருக்கு அபராதம், உங்களுக்குக் கெட்ட பெயர்.

காய்வது. அலசியபின் குறைந்தது இரண்டு நாள் மழையில்லாத வெயில். அதற்கப்புறம் 60, பிறகு 80 எண் உப்புத்தாள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் துளைகள் மூடி எண்ணெய் இறங்காது. எண்ணெய் மெல்லிசாக ஒரே ஒரு பூச்சு. கால் மணியில் மரம் குடிக்காததைத் துணியால் துடைத்து எடுங்கள். அம்மா வீட்டில் பிசுபிசுத்தது இந்தத் துடைக்காத எண்ணெய்தான், அடியில் ஈரமும் சேர்ந்துகொண்டது. வார்னிஷ் மாதிரிப் படலமாக நிற்பது எதுவும் இந்த ஊரில் வெளியே நிற்காது, தோல் தோலாக உரியும்.

துடைத்த துணியைச் சுருட்டி வேனில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு விடும். சுருட்டிய துணி தானே தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கி, மூடி போட்ட தகர டப்பாவில். என் பழைய முதலாளியின் வேன் சீட் இப்படித்தான் கருகியது.

முழுவேகம்:

ஐயா, ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே வந்தபின்தான் எண்ணெய் பூச வேண்டும் என்று டின்னிலேயே போட்டிருக்கிறதே? நீங்கள் இரண்டு நாள் என்கிறீர்கள்.

பழைய தச்சன்:

நல்ல கேள்வி, இது உங்களுக்கு ஒரு புள்ளி. அந்த டின் குளிர்நாட்டுக்கு எழுதியது. மரம் சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வரும். நம் காற்றில் ஈரப்பதம் சராசரி 80 சதவீதத்துக்கு மேல். அந்தக் காற்றில் வெளியே கிடக்கும் மரத்தின் ஈரம் 16 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். 12 வரட்டும் என்று உட்கார்ந்தால் பேரன் கல்யாணத்துக்குத்தான் பூசலாம். 60 வெள்ளிக்கு ஒரு ஈரமானி வாங்கி, அதே வீட்டில் கூரைக்கு அடியில் நனையாத பலகை ஒன்றில் முதலில் குத்திப் பாருங்கள். வெளியே உள்ள பலகை அந்த எண்ணுக்கு அருகே வந்தால் பூசலாம்.

காலமும் பாருங்கள். சீனப் புத்தாண்டுக்கு வீட்டைச் சுத்தம் செய்ய எல்லோரும் டிசம்பரிலும் ஜனவரி தொடக்கத்திலும்தான் கூப்பிடுவார்கள், வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். பிப்ரவரிதான் இங்கே மழை மிகக் குறைவான மாதம். கழுவுவதைப் புத்தாண்டுக்கு முன்னும் எண்ணெயைப் பின்னும் வைத்துக்கொள்ளலாம் என்று தொலைபேசியிலேயே பேசிவிடுங்கள்.

ஈரக்கால்:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். துவாஸ் வேலையை விடவில்லை. நியமனக் கடிதத்தைப் படித்தேன், அனுமதி கேட்டு வாங்கினேன். நன்றி அக்கா. பெரியப்பா மகனுக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். பெரியப்பா இரண்டு வாரமாகப் போன் எடுப்பதில்லை.

பெட்ரோல் மெஷின் வாங்கவில்லை. 13 ஆம்ப் பிளக்கில் ஓடும் மெஷின்தான், 130 பார், 8 லிட்டர். தண்ணீர்ச் செலவைப் பற்றி ஒரு வீட்டில் சண்டைக்கு வந்தார்கள். மணிக்கு 480 லிட்டர், லிட்டருக்கு அரைக் காசுகூட ஆகாது, ஆக மணிக்கு ஒன்றரை வெள்ளி என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் ஐஸ் காப்பி கொடுத்தார்கள்.

முதல் மரத்தளக் கதையைக் கேளுங்கள். போனில் ஒருவர் "செங்கால் டெக்" என்றார். என் காதில் செங்கல் என்று விழுந்தது. செங்கல் தரைக்கு என்ன விலையோ அதைச் சொல்லி, சிமெண்ட் தரைக்கான சுழல் தட்டையும் தூக்கிக்கொண்டு போய் நின்றால், மரம்! மலாய்க்காரர்கள் செங்கால் என்று சொல்லும் மரமாம். நல்ல கெட்டி. சொன்ன விலையை மாற்ற மனசு வரவில்லை, கை நஷ்டம்.

பெர்கார்பனேட், ஆக்ஸாலிக் எல்லாம் நீங்கள் சொன்னபடி செய்தேன், நிறம் திரும்பியபோது எனக்கே கை தட்டத் தோன்றியது. ஆனால் ஒரு மூலையில் பாசி போகவில்லை என்று பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் தேய்த்தேன். இரவு தூறல். மறுநாள் அந்த மூலை முழுக்க மை தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளி. வீட்டுக்காரர் இன்னும் பார்க்கவில்லை. என்ன செய்ய?

பழைய தச்சன்:

இரும்புத் துகள் நாருக்குள் சிக்கிவிட்டது. மரத்தில் இருக்கும் டானின் என்ற பொருளும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மைதான். பழைய காலத்தில் எழுதும் மையையே இப்படித்தான் செய்தார்கள். அந்த மூலையை உப்புத்தாளால் தேய்த்துத் துகளை எடுங்கள், மறுபடி ஆக்ஸாலிக், பத்து நிமிடம், நிறையத் தண்ணீர். போய்விடும். கையுறை போடுங்கள். திருகாணிகளையும் ஒருமுறை பாருங்கள், சாதா இரும்பாக இருந்தால் தலையைச் சுற்றி இதே கறை திரும்பத் திரும்ப வரும். அதை வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிப் படம் எடுத்துவிடுங்கள்.

செங்கல் விஷயத்தில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அடுத்து ஒருவர் "பலாவ்" என்பார், பலா மரம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அதுவும் ஒரு கெட்டி மரம்தான். புது பலாவ் மரமும் மெர்பாவ் மரமும் முதல் சில மாதம் பழுப்புச் சாறு விடும், பக்கத்தில் வெள்ளை மார்பிள் இருந்தால் முதலில் அதை மூடுங்கள். மார்பிளில் ஆக்ஸாலிக் பட்டால் மினுமினுப்புப் போய்விடும்.

தரைவீட்டு அம்மா:

தம்பி, என் வீட்டுக்கு வந்து பார்க்க முடியுமா? அவசரமில்லை, பிப்ரவரியில்.

ஈரக்கால்:

கட்டாயம் வருகிறேன் அம்மா. முதலில் ஒரு பலகையில் மட்டும் செய்து காட்டுகிறேன், பிடித்தால் மற்றது.

கறுப்புப் புள்ளி போய்விட்டது அண்ணே. வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். இப்போது வேறு சிக்கல். சனிக்கிழமை கழுவினேன், செவ்வாய் எண்ணெய் பூச விடுப்பு எடுத்திருந்தேன், விடியற்காலையில் சுமத்ரா காற்று வந்து ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு மாற்றினேன். பில்லில் காத்திருந்த நாட்களுக்கு 80 வெள்ளி என்று எழுதினேன். "நீ வராத நாளுக்கும் காசா?" என்கிறார். என்ன பதில் சொல்வது?

பழைய தச்சன்:

அந்த வரியை அடித்துவிட்டுப் புதுப் பில் கொடுங்கள். அடுத்த வேலையிலிருந்து ஒரே தொகையாகச் சொல்லுங்கள், இரண்டு முறை மழை வந்து திரும்பிப் போவதையும் அதற்குள்ளேயே சேர்த்து. நான் மூன்று முறை சேர்ப்பேன்.